மஞ்சள் பூசிய மார்பு

சிதம்பரம் கல்லூரி விடுதியில் குப்புறப் படுத்தபோதுதான் முதலில் வலித்தது. இடது மார்புக்காம்பின் அடியில் முந்திரிக்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி. மறுவாரம் வலதிலும் வந்தது.

அப்போது நான் செயற்கை ஆண்ட்ரோஜன் (ஆண்மைச் சுரப்பைப் போலச் செய்த மருந்து) விழுங்கிக்கொண்டிருந்தேன். வாங்கித் தந்தவன் சேகர். நான் கட்டிக்கொள்ளவிருந்த பெண்ணின் அண்ணன், உடற்பயிற்சிக் கூடத்தில் என்னோடு கர்லாக்கட்டை சுற்றுபவன்.

"ஒல்லிக்குச்சிக்கு எந்தங்கச்சிய எப்புடிக் குடுக்கறது? முழுங்கு மாப்ள."

தோள் திரண்டது. எனக்கு ஒரே குஷி!

மார்பு வீங்கியதும் நான் நினைத்தது இதுதான்: ஆண்மை போதவில்லை, அதனால் பெண்மை தலைகாட்டுகிறது. தினம் ஒரு மாத்திரை என்றிருந்ததை மூன்றாக்கினேன். இத்தனைக்கும் வேதியியல் மாணவன்.

கல்யாணத்துக்கு எட்டு நாள் முன்பு, மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டில் நலங்கு. மாப்பிள்ளையை வெற்று மார்போடு மணையில் உட்காரவைத்துப் பெண் வீட்டார் மஞ்சள் பூசுவது எங்கள் வழக்கம். நான் துண்டை இறுக்கிப் பிடித்திருந்தேன். சேகர் அதை உருவிவிட்டு, இரண்டு கையாலும் மஞ்சளை அழுத்தித் தேய்த்தான். வலியில் கத்திவிட்டேன். அவன் கை நின்றது.

"இன்னா மாப்ள இது? அளவெடுத்து ரவிக்க தச்சிடலாமா?"

பந்தலே சிரித்தது. அம்மா ஓடிவந்து முந்தானையால் என்னை மூடினாள்.

"மாத்திர நீதான குடுத்த மச்சான்? சொல்லேன்."

"நானா? இன்னா மாத்திர?"

பெண்ணின் அப்பா எழுந்து போனார். கல்யாணம் நின்றது.

கடலூர் டாக்டர் அமுக்கிப் பார்த்தார்.

"ஜாஸ்தியான ஆண் சுரப்புல ஒரு பங்க உடம்பே ஈஸ்ட்ரோஜனா (பெண்மைச் சுரப்பு) மாத்திடும்ப்பா. நீ கூட்டக் கூட்ட அதுவும் கூடிச்சு."

"நிறுத்தினா போயிடுமா சார்?"

"வலிச்ச அன்னிக்கே நிறுத்தியிருந்தா கரைஞ்சிருக்கும். இப்ப இறுகிப்போச்சு. கத்திதான். வெளியிலேருந்தே சுரப்பு வந்ததால உன் விதையும் வேல இல்லன்னு தூங்கிடுச்சு. எழுந்திருக்க மாசக்கணக்காவும்."

முகூர்த்தம் குறித்திருந்த வெள்ளிக்கிழமை காலை அறுத்தார்கள்.

மாத்திரையை நிறுத்தியாகிவிட்டது. தினம் சவரம் செய்தவன், தாடி சரியாக முளைக்காமல் இப்போது வாரம் ஒருமுறைதான் கத்தி எடுக்கிறேன். என் மாதங்கள் அப்படித்தான் நகர்கின்றன. இதைப் படிக்கும் தம்பி, உனக்கும் அந்த இடத்தில் வலித்தால் கூட்டாதே. அன்றே நிறுத்து, அன்றே டாக்டரிடம் போ.

தழும்பைச் சுற்றி எனக்கு உணர்ச்சி இல்லை. கிள்ளிப் பார்க்கிறேன், யாரையோ கிள்ளுவது போலிருக்கிறது. அங்கே நான் கடைசியாக உணர்ந்த தொடுகை, சேகரின் மஞ்சள் கை.