இயங்காத மடிக்கணினியும் இல்லாத பற்றுச்சீட்டும்

போர்க்காலத்தில், மகளின் படிப்புக்காகத் திருகோணமலை நகரக் கடையொன்றில் மடிக்கணினி வாங்கினேன். மூன்றாம் வாரமே அது இயங்காமல் போனது. பற்றுச்சீட்டோடு கடைக்குப் போனேன்.

"உத்தரவாதம் இருக்குது அக்கா. இஞ்ச திருத்த ஏலாது, கொழும்புக் கொம்பனிக்குக் கொண்டு போங்கோ, நான் அங்க சொல்லிவிடுறன்," என்ற முதலாளி, பற்றுச்சீட்டைத் தன் கோப்பில் வைத்துக்கொண்டார். நானும் திருப்பிக் கேட்கவில்லை.

மறுநாள் சோதனைச் சாவடியில் கொழும்பு பஸ்ஸை மறித்தார்கள். மடிக்கணினியை இயக்கிக் காட்டும்படி ஒரு சிப்பாய் சொன்னார்.

"பழுது ஐயா. திருத்தத்தான் கொண்டு போறன்," என்றேன்.

"பில் எங்க?"

கடையில் இருக்கிறதென்று சொல்லி, தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்தேன். பேசிவிட்டு வந்தவர், "கடையில உங்களைத் தெரியாதாம்," என்றார்.

பஸ் போய்விட்டது. உள்ளே குண்டு இருக்குமோ என்று மடிக்கணினியைக் கழற்றினார்கள். நான் அங்கிருந்த மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். பின்னேரம், கழற்றிய பாகங்களைப் பையில் போட்டுத் தந்து என்னைப் போகவிட்டார்கள்.

நேரே கடைக்குப் போனேன். முதலாளி தலையைக் குனிந்துகொண்டார்.

"பயத்தில அப்பிடிச் சொல்லிப்போட்டன் அக்கா. ஆனா கழட்டின சாமானுக்கு உத்தரவாதம் இல்லை."

"நான் கழட்டேல்லையே."

"அப்ப கழட்டினவையளிட்டத்தான் கேக்க வேணும்."

யாரிடம் போய்க் கேட்பது? பையோடு வீட்டுக்கு வந்தேன்.

இப்போதெல்லாம் கடைக்காரருக்குப் பற்றுச்சீட்டின் பிரதியை மட்டுமே கொடுக்கிறேன். என்ன பழுதென்று அவர் எழுதி ஒப்பமிட்டுத் தரும்வரை கடையை விட்டு இறங்குவதில்லை.

- தம்பலகாமம் வாசகி