மிளகு காய்ந்த பாதி கோர்ட்

பாஸ்கட்போல் ஆடுவதற்கென்றே கொழும்புக் கம்பெனி ஒன்று மாத்தளையிலிருந்து வேலைக்கு எடுத்த முதல் ஆள் நான்தான். படிப்பு ஐந்தாம் வகுப்பு. சந்தேகம் இருப்பவர்கள் என்னிடமே வந்து கேட்கலாம்.

அந்த வேலை கையைவிட்டுப் போகப் பார்த்த நாளைச் சொல்கிறேன். கம்பெனி மெனேஜர் தன் டீமோடு வேனில் வந்து இறங்கினார். அவருடைய ஆட்களுக்கு எதிராக நான் ஆடிக் காட்ட வேண்டும். பிடித்தால் வேலை; இல்லாவிட்டால் வாப்பாவின் கடையில் மூட்டை தூக்கல்தான்.

கோர்ட்டைப் பார்த்தால் பாதி கறுப்பு. மிளகு! எங்கள் ஊரில் சிமெந்துத் தரை சும்மா கிடந்தால் யாராவது மிளகைக் கொட்டிக் காயப் போட்டுவிடுவார்கள். பக்கத்தில் குடை பிடித்தபடி காவலுக்கு நின்றார் வாப்பாவின் கூட்டாளி, நஸீர் ஹாஜியார்.

"மாமா, நேத்தே படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! கொழும்புல இருந்து ஆளுங்க வந்திருக்காங்க."

"அதுக்கு? வெயிலும் கொழும்புல இருந்தா வரும்? அந்தப் பக்கம் ஒரு வளையம் சும்மாதானே கெடக்கு. அதுல போடு."

"முழுக் கோர்ட்ல ஓடிக் காட்டணும் மாமா!"

"ஓடுறதுன்னா றோட்டுல ஓடு மகன்."

மெனேஜர் சிரித்தார். "என்ன தம்பி, விளையாடுறதா, மிளகு வாங்கிட்டுப் போறதா?"

என் பலமே ஓட்டம்தான். வேறு வழியில்லாமல் ஊர்ப் பையன்கள் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு, பாதிக் கோர்ட்டில் மூன்றுக்கு மூன்று ஆடினோம். பந்து மிளகுக்குள் விழுந்தால் ஹாஜியார் அதைப் பிடித்து வைத்துக்கொள்வார். பந்தைப் போட்டவன் சிதறிய மிளகைத் திரும்பப் பரப்பிவிட்டால்தான் பந்து திரும்ப வரும். கொழும்புக்காரர்கள் நீளப் பாஸ் போட்டே பந்தைத் தொலைத்தார்கள். ஆறடி ஆள் ஒருவன் குனிந்து மிளகு பொறுக்கினான்.

"மெதுவா, மெதுவா! மிதிக்காத!" என்று ஹாஜியார் அவனையும் விரட்டினார்.

நான் பந்தைத் தாழ்வாகத் தட்டி, கிட்டப் பாஸ் மட்டும் கொடுத்தேன். ஒன்றுகூட மிளகுக்குள் போகவில்லை. மிளகு சீசன்களில் ஹாஜியாரின் ஏச்சுக்குப் பயந்தே பழகிய கை அது.

"ஓடுறவன் எங்கிட்ட நெறய இருக்கான். பந்த விடாதவன்தான் இல்ல. திங்கக்கெழம வந்துடு" என்றார் மெனேஜர்.

பேருக்கு ஸ்டோர்ஸில் ஆள்; வேலை விளையாட்டு. பல வருஷம் ஆடினேன், கெப்டனும் ஆனேன். ஊருக்கு வந்தால்தான் எரிச்சல். "நான் மெளகு காயப் போட்டதாலதான் இவன் கொழும்புக்குப் போனான்" என்று பஸ் ஸ்டாண்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார் ஹாஜியார். ஆடியவன் நான்!

இப்போது கூரைக்குக் கீழே ஆடும் பிள்ளைகள், தரை சரியில்லை, லைட் சரியில்லை என்கிறார்கள். கேட்கவே பொறுக்கவில்லை. முழுக் கோர்ட் கேட்டு நான் சண்டை பிடித்துக்கொண்டு நின்றிருந்தால் வேன் திரும்பிப் போயிருக்கும். கிடைத்த இடத்தில் ஆடுங்கள். பந்தை மட்டும் விடாதீர்கள்.