சேவலைத் துரத்தியவருக்குக் கொடுத்த முட்டைகள்

சென்ற வருடம் கோடையில், திருவண்ணாமலை வேங்கிக்காலில், எங்கள் தெருவில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

வீட்டின் பின்பக்கம் ஆறு நாட்டுக்கோழிகளும் ஒரு சேவலும் வளர்த்தேன். கம்பும் கீரைத்தண்டும் போடுவேன்; மீதியை அவையே மண்ணைக் கிளறித் தேடிக்கொள்ளும். விடியலில் சேவல் கூவும். சேவல் வேறு என்ன செய்யும்? எதிர் வீட்டு சாருக்கு அது பொறுக்கவில்லை. தினமும் எங்கள் கேட் அருகே வந்து சத்தம் போட்டார். ஒரு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனுவே கொடுத்துவிட்டார், ஒரு சேவல் மேல்! பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலத்துக்கு வந்து விடிய விடிய ஹாரன் அடிக்கும் வண்டிகள் மேல் ஒரு மனுவும் இல்லை. மானம் போகிறதே என்று சேவலைக் கீழ்பென்னாத்தூரில் தங்கை வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். திரும்பும்போது பஸ்ஸில் அழுகையாக வந்தது.

மூன்று மாதம் கழித்து அதே மனிதர் ஒரு பெட்டைக்கோழி வாங்கினார். பெட்டை கூவாதாம்! ஒருநாள் சிரித்துக்கொண்டே வந்தார்.

“ஏம்மா, எங்க கோழி அடைக்கு உட்கார்ந்துடுச்சு. உங்க முட்டை ஒரு பத்து குடும்மா, வெச்சிப் பார்க்கலாம்னு.”

சேவலைத் துரத்திவிட்டுக் குஞ்சு ஒரு கேடா? சேவல் சேராத முட்டை பொரிக்காது என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். வாயைத் திறக்காமல் பத்து முட்டைகளை எடுத்துக் கொடுத்தேன். நல்லா வேணும் என்று மனதுக்குள் குதித்தேன்.

இருபத்தோரு நாளும் தாண்டியது. சண்டைக்கு வருவார் என்று பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவரோ வாடிய முகத்தோடு வந்தார்.

“நான்தான் ஏதோ தப்பா வெச்சிட்டேன் போல. கூடையில மணல் ஜாஸ்தியாயிடுச்சோ என்னவோ. கோழி இரை தின்னக்கூட எழுந்திருக்க மாட்டேங்குது, வந்து பாரும்மா.”

போய்ப் பார்த்தேன். கொண்டை வெளுத்திருந்தது, தூக்கினால் கனமே இல்லை. என் கையைக் கொத்திவிட்டு, மறுபடியும் அந்தக் கூமுட்டைகள் மேலேயே போய் உட்கார்ந்துகொண்டது.

“சேவல் இல்லாத வீட்டு முட்டை சார். பொரிக்காது” என்றேன்.

“அத அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா” என்றார்.

அன்றே தங்கை வீட்டுக்கு ஓடி, புதிதாகப் பொரித்திருந்த நான்கு குஞ்சுகளை வாங்கிவந்து, பொழுது சாய்ந்ததும் அந்தக் கோழியின் இறக்கைக்குள் விட்டேன். நல்லவேளை, சேர்த்துக்கொண்டது.

அவர் மனு கொடுத்தது அநியாயம்தான், அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. ஆனால் ஒரு பாவமும் அறியாத கோழியை மூன்று வாரம் பட்டினி போட்டவள் நான், அவரில்லை.