கை நீளம்

ஆறுமுகசாமிக்கு நாற்பத்தொரு வயது. அதில் பதினோரு வருஷத்தை அவன் பிறத்தியாரின் வலது பக்கத்தில் நின்றே கழித்திருக்கிறான்.

மலையாள நாட்டு எல்லையோரச் சித்தூர் ஆற்றங்கரையில், வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கும் ஆயுர்வேத ரிசார்ட் ஒன்றில் எண்ணெய் தேய்ப்பது அவன் வேலை. அங்கே ஓர் ஆளுக்கு இரண்டு பேர் தேய்ப்பார்கள். தோணி என்று சொல்லும் மரக்கட்டிலில் விருந்தாளி மல்லாந்து படுப்பார். இடது பக்கம் ஜெகன், வலது பக்கம் ஆறுமுகசாமி. தோளில் தொடங்கி விரல் நுனி வரைக்கும் இரண்டு பேர் கையும் ஒன்றாக இறங்க வேண்டும், ஒன்றாக ஏற வேண்டும். பேச்சு கூடாது. எதிரே நிற்பவன் மூச்சு விடுவதை வைத்துத்தான் வேகம் பிடிக்க வேண்டும். பெண்டாட்டி ராமலட்சுமியின் மூச்சைவிட ஜெகனின் மூச்சு அவனுக்கு நன்றாகத் தெரியும்.

அப்பா வேலந்தாவளம் சந்தையில் மாட்டுத் தரகராக இருந்தவர். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிற ஆள். வாய் ஒன்று சொல்லும், விரல் வேறொன்று சொல்லும். மகனையும் இரண்டு வருஷம் கூட்டிக்கொண்டு திரிந்தார். மகனுக்கு விரல் பாஷை சட்டென்று பிடிபட்டது. ஆனால் மாடு வாங்க வந்தவன் முகத்தைப் பார்த்து நாலு வார்த்தை பேசத் தெரியவில்லை. “உன்ற புத்தியெல்லாம் கையிலதான்டா இருக்குது, வாயில ஒண்ணும் இல்ல” என்று சலித்துப்போய், எண்ணெய் தேய்க்கப் பழக்கும் இடம் ஒன்றில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்.

ஜெகன் வேலந்தாவளத்துக்காரன், இவன் நல்லேப்பிள்ளி. சொந்தம் ஒன்றும் கிடையாது. ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே வயது, அதனால் ஒருவருக்கொருவர் மாப்ள ஆகிப்போனார்கள். ஜெகன் நெட்டை. எந்தச் சட்டை போட்டாலும் கை மணிக்கட்டுக்கு மேலேயே நின்றுவிடும். யாரிடமும் சிரித்துப் பேசுவான். இது ஒன்று போதாதா ஆறுமுகசாமியின் வயிறு எரிய? ஜெகன் புது பைக் எடுத்தபோது இவனுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஜெகன் மகள் பத்தாம் வகுப்பில் எல்லாப் பாடத்திலும் ஏ பிளஸ் வாங்கியபோது, “இப்பெல்லாம் எல்லாத்துக்கும் போட்டுடறாங்க” என்றான். ஆனாலும் காலையில் அந்தத் தோணியின் முன்னால் வந்து நின்றுவிட்டால் கை மட்டும் ஜெகன் கையோடு சேர்ந்தே போகும். மனசு எப்படிப் போனாலும் கை பிசகியதில்லை.

போன வருஷம் கர்க்கடக மாத மழையில், அதாவது நம் ஆடியில், இங்கிலாந்திலிருந்து ஒருவர் வந்தார். அந்த ஊர்க் கிராமப்புறத்தில் ‘கன்ட்ரி ஓட்டல்’ என்று பெரிய சொகுசு ஓட்டல் நடத்துகிறவராம். முதுகு நோவுக்கு இருபத்தொரு நாள் வைத்தியம். வராந்தாவில் உட்கார்ந்து போனில் படங்களைக் காட்டினார். முந்நூறு வருஷத்துக் கல் மாளிகை, சுற்றிலும் புல்வெளி, புல்லில் செம்மறி ஆடுகள். திறந்த வெளியில் ஒரு வெந்நீர்க் குளம். மழை பெய்துகொண்டிருக்கிறது, குளத்திலிருந்து ஆவி எழும்புகிறது, உள்ளே கழுத்து வரைக்கும் முங்கிக்கொண்டு ஒரு ஜோடி கண்ணாடிக் கிளாஸில் எதையோ குடிக்கிறது. வாசலில் விருந்தாளிகள் சேற்றில் நடந்து வருவதற்காக ரப்பர் பூட்ஸுகளை அளவுவாரியாக அடுக்கியிருந்தார்கள். நம் ஊரில் சேற்றில் நடக்கச் சம்பளம் கொடுக்கிறார்கள், அங்கே நடக்கிறவனே காசு கொடுக்கிறான்.

“கன்ட்ரி ஓட்டலுன்னா என்னங்க, நாட்டுக்கோழி மாதரயா?” என்று, ராத்திரி இவன் வீட்டில் அதைச் சொன்னபோது ராமலட்சுமி கேட்டாள்.

“நாட்டுப்புறத்துல இருக்கற ஓட்டலு. பணக்காரங்க ரெண்டு நாள் ஒண்ணுஞ் செய்யாம படுத்துக் கெடக்கறதுக்கு.”

“அதுக்கா அத்தனை தூரம் போறாங்க? ஊட்லயே படுக்கலாமுங்களே.”

கடைசி நாள் அந்த வெள்ளைக்காரர் ஆபீசுக்குப் போய் மேனேஜர் ஷிஜியிடம் சொன்னார்: என் ஓட்டல் ஸ்பாவுக்கு ஓர் ஆள் வேண்டும், ஒருவரைத்தான் கூப்பிட முடியும், அந்த இடது பக்கத்து ஆள், அவர் கைதான் கை. ஆபீஸ் முழுக்க ஜெகனைக் கட்டிப்பிடித்தது. இடது பக்கம் நிற்பவன் ஜெகன்தானே, அதில் என்ன சந்தேகம்?

ஆறுமுகசாமிக்குச் சந்தேகம் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் பாயை விரித்தான், அதன் மேல் ஒரு தலையணையை நீளவாக்கில் போட்டான்.

“இதா பாரு. மல்லாக்கப் படுத்தா அந்தாளுக்கு எடது பக்கம் ஜெகன். சரியா? இப்ப குப்புறப் படுக்கறாரு.” தலையணையைப் புரட்டினான். “நாங்க நின்ன எடத்துலயே நிக்கறம். இப்ப அவருக்கு எடது பக்கம் ஆரு?”

ராமலட்சுமி தலையணையையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள். “நீங்க!”

“நோவு எங்க?”

“முதுகுல.”

“முதுகு தேய்க்கையில எப்படிப் படுப்பாரு?”

“அட சாமி, அப்ப உங்களையத்தானுங்க சொல்லியிருக்கறாரு! போயிச் சொல்ல வேண்டியதுதானுங்களே?”

எப்படிச் சொல்வது? ஆபீசில் போய்த் தலையணையைப் புரட்டிக் காட்டினால் சிரிக்க மாட்டார்களா? வெள்ளைக்காரரோ அதற்குள் கொச்சியில் விமானம் ஏறிவிட்டார். உண்மையில் அவர் யாரைச் சொன்னார் என்பது அவருக்கே தெரியுமோ என்னவோ. ஆனால் ஆறுமுகசாமிக்கு அன்றிலிருந்து ஒரே நினைப்புதான். தனக்கு வந்த வாழ்க்கையை ஜெகன் எடுத்துக்கொண்டு போகிறான்.

பத்து நாள் கழித்து ஓட்டலிலிருந்து மெயில் வந்தது. ஜெகனோடு கூட நின்று வேலை செய்தவர் யாராவது அவரைப் பற்றி நாலு வரி எழுதி அனுப்ப வேண்டும், அதைப் பார்த்த பிறகுதான் வேலை உறுதி. கூட நின்றவன் இந்த உலகத்தில் ஒருவன்தான். ஷிஜி ஆறுமுகசாமியைக் கூப்பிட்டு உட்கார வைத்து, “தமிழில பறஞ்சோ ஆறுமுகேட்டா, இங்கிலீஷில ஞான் ஆக்கிக்கோளாம்” என்றாள்.

“நல்ல வேலைக்காரன்னு போடுங்க. நேரத்துக்கு வருவான்னு போடுங்க.” கொஞ்ச நேரம் மேலே சுற்றும் காற்றாடியைப் பார்த்தான். “கை நீளம்னு போடுங்க.”

“கை நீளமோ? அதெந்தா?”

“நீளம்னா நீளந்தாங்க. எட்டாத எடத்துக்கெல்லாம் போகும்.”

ஷிஜி சிரித்தாள். மேல் அலமாரியிலிருந்து பைல் எடுக்க அவள் ஜெகனைத்தான் கூப்பிடுவாள். “அது சத்யமாணு” என்று சொல்லிக்கொண்டே அப்படியே தட்டினாள்.

தமிழில் ஒருவனுக்குக் கை நீளம் என்றால் அவன் பக்கத்தில் பர்ஸை வைக்காதே என்று அர்த்தம். அதுவும் இந்தத் தொழிலில்! விருந்தாளிகள் மோதிரத்தையும் கடிகாரத்தையும் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணை மூடிப் படுக்கிற தொழில். அந்த ஒரு சொல் போதும், ஆயுசுக்கும் வேலை கிடைக்காது. ஜெகனோ, ஒருமுறை ஜெர்மன்காரர் ஒருவரின் கல் மோதிரம் எண்ணெயில் வழுக்கிச் சாக்கடைக்குள் விழுந்தபோது, முழங்கை வரைக்கும் கையை விட்டுத் துழாவி எடுத்துக் கொடுத்தவன். எதிரே நின்று அதைப் பார்த்தவன் ஆறுமுகசாமி.

இங்கிலீஷ்காரனுக்கு அர்த்தம் புரியுமா என்ற யோசனையே அவனுக்கு வரவில்லை. கையும் அதேதான், நீளமும் அதேதான், கடல் தாண்டினால் அர்த்தம் மாறிவிடுமா? நாளைக்கு யாராவது கேட்டாலும் பயமில்லை. நெட்டையன் கையை நீளம் என்றேன், அதில் என்ன பொய்? அப்பாவின் துண்டு அவனிடம் இல்லையே தவிர, வியாபாரம் அதேதான்.

இரண்டு வாரம் அவன் ‘வேண்டாம்’ என்ற பதிலுக்காகக் காத்திருந்தான். ஒரு நாள் தோணியருகே நிற்கும்போது அவன் கை ஜெகன் கையைவிட முந்திப் போயிற்று. படுத்திருந்த பிரெஞ்சுக்காரர் கண்ணைத் திறந்து பார்த்தார். பதினோரு வருஷத்தில் அவன் கை பிசகியது அதுதான் முதல் தடவை.

பதில் வந்தது. ஷிஜி எல்லோரையும் கூப்பிட்டு வாசித்தாள். இதுவரை எத்தனையோ பேருக்காக எத்தனையோ கடிதங்கள் படித்திருக்கிறேன், இவ்வளவு அழகான வரியை யாரும் எழுதியதில்லை, எட்டாத இடத்துக்கெல்லாம் போகிற நீண்ட கைகள், எங்கள் விருந்தாளிகளின் முதுகுக்கு இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் என்று ஓட்டல்காரர் எழுதியிருந்தார். ஜெகன் ஓடிவந்து ஆறுமுகசாமியைத் தூக்கிவிட்டான்.

“மாப்ள, அப்படி என்னடா எளுதுனே? உன்ற கடுதாசிதான்டா எனக்கு வேலைய வாங்கிக் குடுத்துது!”

கடிதத்தை ஷிஜி நேராக மெயிலில் அனுப்பியிருந்தாள், ஜெகன் கண்ணால் பார்க்கவில்லை. வாசித்துக் காட்டியதையும் ஷிஜி மலையாளத்தில் குழைத்துச் சொன்னதாலும் சந்தோஷத்திலும் அவன் காதில் பாதி விழவில்லை. அன்று அவன் கொண்டுவந்த மைசூர்பாகை ஆறுமுகசாமி இரண்டு துண்டு தின்றான்.

ஜெகன் போன பிறகு பொறாமைக்கு நேரம் காலமே இல்லாமல் போயிற்று. ஸ்டேட்டஸில் படம் படமாக வரும். கணப்பில் கட்டை எரிகிறது. மூன்று தட்டு அடுக்கில் சின்னச் சின்ன கேக். பஞ்சு மாதிரி செருப்பும் வெள்ளை அங்கியும் போட்டுக்கொண்டு ஆம்பளையும் பொம்பளையும் தாழ்வாரத்தில் நடமாடுகிறார்கள்.

“குளிச்ச துணியோட இப்படித் திரியறாங்களே, வெக்கமா இருக்காதுங்களா?” என்பாள் ராமலட்சுமி. சொல்லிவிட்டு, அந்தப் படத்தையே திரும்பத் திரும்பப் பார்ப்பாள்.

ஆறுமுகசாமி படங்களைப் பெரிதாக்கிக் குறை தேடுவான். கட்டில் உயரம் சரியில்லை. எண்ணெய்ப் புட்டி சுண்டுவிரல் அளவு. நாலு சொட்டு எண்ணெயில் என்ன தேய்ப்பு? ஜெகன் முகம் மட்டும் வெளுத்துப் பூரித்திருந்தது, அதில்தான் குறை கண்டுபிடிக்க முடியவில்லை. ஸ்டேட்டஸ் போடுகிறவன் தனக்கு ஒரு போன் கூடப் பண்ணவில்லை என்பது வேறு. நல்லாருக்கியா என்று இவன் அனுப்பிய மெசேஜுக்கும் பதில் இல்லை. வெள்ளைக்காரன் காற்றுப் பட்டதும் தலைக்கனம் ஏறிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

நாலு மாதம் இப்படிப் போயிற்று. பிறகு ஒரு திங்கட்கிழமை ஷிஜி வேகமாக வந்தாள். அந்த ஓட்டலில் இரண்டு பேர் சேர்ந்து தேய்க்கும் சிகிச்சையைத் தொடங்கப் போகிறார்களாம். ஜெகனுக்கு எதிரே நின்ற ஆளையே கூப்பிடலாம் என்று முதலாளி நினைக்கிறாராம்.

“இனி ஜெகன்ட ஒரு வாக்கு போதும் ஆறுமுகேட்டா. அவன் எழுதிக் கொடுத்தா தீர்ந்து.”

ஒரே நாளில் ஆறுமுகசாமி வேறு மனிதன் ஆகிவிட்டான். ஜெகனைப் போல ஒரு நல்லவன் உண்டா? சாக்கடைக்குள் கைவிட்ட மோதிரக் கதையை, கேட்காதவர்களுக்கும் சொன்னான். ராமலட்சுமி கோயமுத்தூருக்குப் போய் இரண்டு ஸ்வெட்டர் வாங்கி வந்தாள். அவன் அதைப் போட்டுப் பார்த்து வேர்வையோடு கண்ணாடி முன்னால் நின்றான். வெந்நீர்க் குளத்தில் வேலைக்காரர்களையும் இறங்க விடுவார்களா என்று ஷிஜியிடம் விசாரித்தான். கடிதத்தைப் பற்றி நினைப்பே இல்லை. அதுதான் நல்லதாகவே முடிந்துவிட்டதே!

வியாழக்கிழமை மத்தியானம் எண்ணெய் காய்ச்சும் கொட்டகையில் நின்றுகொண்டிருந்தான். போன் அடித்தது. ஜெகன்.

“ஏனுங்க, சாப்டீங்களா?”

ஆறுமுகசாமி வாய்விட்டுச் சிரித்தான். “என்றா இது, எனக்கே ‘ங்க’ போடறே? அங்க போயி மரியாத கத்துக்கிட்டயாக்கும்!”

ஜெகன் அதே ‘ங்க’வோடு மேலே பேசினான்.

“இங்க ஸ்பா வாசல்ல என்ற போட்டோவ மாட்டியிருக்கறாங்க. கீழ உங்க கடுதாசில இருந்து ஒரு வரிய எடுத்து எளுதி, கண்ணாடி போட்டு வெச்சிருக்கறாங்க. வந்த அன்னைக்கே படிச்சுப்போட்டனுங்க. இவன் கை நீளம், எட்டாத எடத்துக்கெல்லாம் போகும். எனக்கு இங்கிலீஷ் கம்மிதானுங்க. தமிழ்ல நெனச்சுப் பாத்தா நல்லாப் புரியுதுங்க.”

அடுப்பில் எண்ணெய் கொதித்தது. ஆறுமுகசாமி அதை இறக்கவில்லை.

“வாரவிய எல்லாம் அதைப் படிச்சுப்போட்டு என்ற கையப் பாத்துச் சிரிக்கறாங்க. நல்ல எண்ணந்தாங்க அவியளுக்கு. செயினு, மோதரமெல்லாம் கழட்டி என்ற கையிலயே குடுத்துப்போட்டுப் படுக்கறாங்க.”

“மாப்ள, நான் அப்படி நெனச்சுச் சொல்லலடா. உன்ற கை நெசமாலுமே நீளந்தானடா...”

“பதினோரு வருசம் எதுக்கால நின்னவனுக்கு நீங்க என்ன நெனச்சீங்கன்னு தெரியாதுங்களா?” குரல் உயரவே இல்லை. “உங்களையப் பத்தி எளுதிக் குடுன்னு கேட்டாங்க. நல்லதும் எளுதலீங்க, கெட்டதும் எளுதலீங்க. அந்தளவுக்கு எனக்கு இங்கிலீஷ் வராதுன்னு சொல்லிப்போட்டனுங்க. வேற ஆள் பாத்துக்கறாங்களாமா.”

“மாப்ள...” என்றான் ஆறுமுகசாமி.

“வெச்சுடறனுங்க” என்றான் ஜெகன்.