இரண்டு கால்களும் தாளம் போடும்

தொண்ணூறுகளில் விம்பிள்டன் உணவகம் ஒன்றில் என்னோடு கோப்பை கழுவிய போலந்துக்காரர் மெலிந்தவர், இடுப்புவரை முடி. கழுவும்போது அவருடைய இரண்டு கால்களும் ஈரத் தரையில் ஓயாமல் தாளம் போடும். ஊரில் டெத் மெட்டல் என்கிற அதிவேக ராக் இசைக் குழுவொன்றில், இரண்டு கால்களாலும் பெடல் மிதித்து ட்ரம்ஸ் அடிப்பவராம். அவர்களுடைய இரண்டாவது ஆல்பத்தைக் கசெற்றில் தந்தார். யாழ்ப்பாணத்தில் நானும் ட்ரம்ஸ் அடித்தவன்தான். அந்தக் கால்களின் வேகம் எனக்குச் செத்தாலும் வராது. “வெறும் சத்தம்” என்று திருப்பிக் கொடுத்தேன். சிரித்தார்.

ஒருநாள் ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டு, மூன்றாவது ஆல்பம் பதிவு செய்ய ஊருக்குப் போவதாகச் சொன்னார். லண்டனிலிருந்து போலந்துவரை போகும் பஸ் டிக்கெட்டையும் காட்டினார்.

“நீ எப்போது போவாய்?” என்று கேட்டார்.

“சண்டை நிண்டால் போவன்” என்றேன்.

அவருடைய கால்கள்மேல் இருந்த பொறாமை வயதோடு போய்விட்டது. அந்தப் பஸ் டிக்கெட்டை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.