எல்லாரும் ஒரே பக்கம்

நயினாதீவுக்குப் போகும் படகில் காசு வாங்கி ரிக்கற் கிழித்துக் கொடுத்தவர் அவர். தலையில் சிவப்புத் துவாய், காதில் பேனை. படகு வெளிக்கிட்டதும் ஒரு கேள்வி போடுவது அவர் வழக்கம்.

“போனில இருக்கிற ஏஐ சொல்லுறதை நம்பலாமோ? நம்புற ஆக்கள் இடப்பக்கம், நம்பாத ஆக்கள் வலப்பக்கம் வாங்கோ!”

சிரித்துக்கொண்டு அத்தனை பேரும் வலப்பக்கம் போனோம். படகு சரிந்தது. ஒரு அக்காவின் மாம்பழங்கள் உருண்டோடின.

“ஐயோ, எல்லாருக்கும் ஒரே கருத்தெண்டால் கடலுக்குள்ள தாண்டுபோவம்! பாதிப்பேர் மாறுங்கோ!” என்று கத்தி, என்னையும் இடப்பக்கம் தள்ளிவிட்டார்.

நம்புற பக்கம் போனவன் சும்மா இருக்கலாமா? ஏஐக்காகத் தொண்டை கிழிய வாதாடினேன்.

இறங்கும்போது கேட்டேன்: “அண்ணை, நீங்கள் எந்தப் பக்கம்?”

“ஆள் குறைஞ்ச பக்கம், தம்பி.”

இப்போதும் வீட்டில் எல்லாரும் ஒரே குரலில் ஏஐயைத் திட்டினால், நான் இருக்கும் கதிரை மெல்லச் சரிகிறது.