பெலெனைசேயின் சிவப்புக் கிளை

சவாயித் தீவின் கிழக்குக் கரையில் பெலெனைசேயைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவள் பன்னைத் தின்னாதவர்கள் கிடையாது. காசு கொடுத்துத் தின்றவர்கள் யார் யார் என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் பாதி ஊர் அவளுக்குச் சொந்தம் என்று தெரியவரும். மீதி ஊர் அன்றைக்கே சொந்தமாகிவிடும்.

தேங்காய்ப்பாலில் ஊறி, மேலே பழுப்பேறி, அடியில் விரலோடு ஒட்டிக்கொண்டு வரும் பன். வீட்டுக்குப் பின்னால் இருந்த சமையல் கொட்டகையில் பதினோரு வருஷமாக அதைச் சுட்டார்கள், பெலெனைசேயும் அவள் அக்கா எசேதாவும். அக்கா பிசைவாள், தங்கை சுட்டு விற்பாள். எசேதாவின் புருஷன் பழம் பறிக்க நியூசிலாந்து போனவன். இன்னும் பறித்துக்கொண்டே இருக்கிறான். ஆறு பிள்ளைகளும் சித்தியின் அடுப்படியில்தான் வளர்ந்தன. பெலெனைசேக்குப் பிள்ளை இல்லை. புருஷன் இருந்தான், போய்ச் சேர்ந்தான், அதிகம் பேச ஒன்றுமில்லை.

நாற்பத்தி நாலு வயதில் அவளுக்கு ஒரே ஒரு ஆசை வந்தது. படகுத்துறையில் புதிதாக ஆறு கடைகள் கட்டினார்கள். அதில் ஒன்று வேண்டும். காலை ஆறு மணிப் படகுக்கு முன்னூறு பேர் வெறும் வயிற்றோடு நிற்கிறார்கள். அதில் பாதிப் பேர் எந்த வகையிலும் அவளுக்குச் சொந்தமில்லை. அதை நினைத்தாலே அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

கடை வேண்டுமென்றால் மூன்று நாள் வகுப்புக்கு வர வேண்டும். திட்டம் ஒன்று வரைந்து காட்ட வேண்டும். குடும்ப நிலத்தில் குடியிருப்பவர் என்றால் குடும்பத் தலைவர் கையெழுத்தும் வேண்டும்.

வகுப்பு எடுக்க மெரிடா என்ற பெண் வந்தாள். அப்பா அம்மா இந்தத் தீவுக்காரர்கள், அவள் பிறந்தது ஆக்லாந்தில். ஆளுக்கொரு டேப் கொடுத்தாள், விரலால் தொட்டு எழுதும் கணினிப் பலகை. அதில் மைண்ட் மேப் என்று ஒரு சமாச்சாரம்: நடுவில் ஒரு வட்டம், வட்டத்திலிருந்து கிளை, கிளையிலிருந்து சின்ன வட்டங்கள்.

"நடுவுல உங்க தொழில் பேரை எழுதுங்க. அப்புறம் மனசுல என்ன வருதோ அப்படியே கிளையா விடுங்க. நல்லது கெட்டது பாக்காதீங்க, பிறகு பாத்துக்கலாம்."

நல்லது கெட்டது பார்க்காமல் எழுதச் சொன்னால் யாரும் எழுதிவிடக் கூடாது. பெலெனைசே எழுதினாள்.

நீலக் கிளையில் படகுப் பயணிகள். பச்சைக் கிளையில் அன்னாசிப் பழம் அடைத்த பன், பிள்ளைகளுக்கு அரை பன், கூடவே சூடான கொக்கோ. எழுத எழுத வட்டங்கள் தானாகவே தள்ளி நின்று இடம் விட்டன. வீட்டில் எவனும் அவளுக்கு அப்படி இடம் விட்டதில்லை.

மெரிடா குனிந்து பார்த்தாள். "இதை எல்லாம் இத்தனை நாளா எங்க வச்சிருந்தீங்க?"

"கேக்க ஆள் இல்ல டீச்சர். பன்னு கேக்கத்தான் ஆள் இருந்தாங்க."

மூன்றாம் நாள் சிவப்புக் கிளை போட்டாள். தலைப்பு: 'பன் எங்கே போகிறது'. அதில் பதின்மூன்று வட்டங்கள். சொலமோனா மாமா, தினம் இருபது. லுயிசா அண்ணி, சனிக்கிழமை பதினைந்து. பாட்டுக் குழு, பயிற்சி உள்ள நாளெல்லாம். போதகர் வீடு. இப்படியே போய்ப் பதின்மூன்றாவதாக, 'எசேதா: ஆறு பிள்ளைகள். பிசைவதும் மெதுவாகிவிட்டது' என்று எழுதினாள். எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பொய் இல்லை. விட்டுவிட்டாள்.

வேலையாட்கள் என்று ஒரு கிளை இருந்தது. அதில் தன் பேரை மட்டும் எழுதினாள். கூடப் பிறந்தவளை வேலையாள் என்று எழுதக் கை வரவில்லை. இந்த ஊரில் வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் கையெழுத்துக்காகக் குடும்பம் கூடியது. குடும்பத் தலைவர் சொலமோனா மாமாதான். பெலெனைசே சிவப்புக் கிளையை மட்டும் யார் கண்ணுக்கும் படாமல் சின்ன பிளஸ் குறிக்குள் மடித்து வைத்துவிட்டு டேப்பைப் பாயில் வைத்தாள்.

மாமா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இதுல நான் எங்க?"

"இது தொழில் மாமா. ஆளுங்க இல்ல."

"நிலம் யாரோடது? அடுப்பு எந்த நிலத்துல இருக்கு?"

மாமாவுக்கு ஒரு வட்டம் போட்டாள். அது வலது கீழ் மூலையில் போய் விழுந்தது. மாமா முகம் கறுத்தது. கூட்டம் கூடினால் யார் எந்தத் தூணில் சாய்ந்து உட்காருவது என்பதற்கே தலைமுறைக் கணக்காகச் சண்டை போட்ட குடும்பம் அது.

"வாசல் பக்கம் உக்கார வச்சிருக்க. நாய் உக்கார்ற இடம்."

நடு வட்டத்துக்குப் பக்கத்தில் நகர்த்தினாள். உடனே லுயிசா அண்ணி தொண்டையைச் செருமினாள். "பாட்டுக் குழுவுக்கு உடுப்பு தைக்கிறது நான். எனக்கு வட்டம் வேண்டாம்னுதான் சொல்வேன். போட்டா தடுக்க மாட்டேன்."

சாயந்திரத்துக்குள் முப்பத்தோரு வட்டங்கள். பன் ஓரத்துக்குப் போய்விட்டது. எசேதா மூலையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே தட்டுகளை அடுக்கினாள்.

"எனக்கு ஒண்ணும் போட வேண்டாம்டீ பெலெ. மாவு சட்டிக்கிட்ட நான் இருக்குறது ஊருக்கே தெரியும்."

மாமா கையெழுத்துப் போட்டார்.

புதன்கிழமை ஊர் மண்டபத்தில், கடை ஒதுக்கும் அதிகாரிகளுக்குத் திட்டம் காட்டும் நாள். குடும்பம் மொத்தமும் கோயில் உடுப்பு போட்டுக்கொண்டு முன்வரிசையில் வந்து உட்கார்ந்தது, சுவரில் தங்கள் பேரைப் பார்க்க. மெரிடா படத்தைப் பெரிய திரையில் போட்டாள். எல்லாருக்கும் முழுசாகத் தெரியட்டும் என்று நல்லெண்ணத்தோடு ஒரு பொத்தானைத் தட்டினாள். மடித்திருந்த எல்லாம் விரிந்தது. சிவப்புக் கிளை சுவரின் பாதியைப் பிடித்தது.

மண்டபம் படித்தது. மாமா எழுந்து நின்றார்.

"இருபதுன்னு போட்டிருக்கு." திரும்பி ஊரைப் பார்த்தார். "தப்பு. முப்பது."

மண்டபம் சிரித்தது. மாமா நெஞ்சை நிமிர்த்தினார். தங்கை மகள் தினம் முப்பது பன் தருகிறாள் என்றால் அவர் யார் என்று ஊருக்குத் தெரிய வேண்டாமா? வாங்குகிறவனுக்குத்தான் இங்கே பெருமை. கொடுக்கிறவளுக்கும் அதே பெருமை என்று பேச்சு.

லுயிசா அண்ணியும் விடவில்லை. "சனிக்கிழமை மட்டுமா? புதனையும் எழுது. நான் என்ன ஒரு நாள் சொந்தமா?"

மேசையில் இருந்த அதிகாரிகளும் சிரித்தார்கள். இவ்வளவு நேர்மையாகத் தன் ஓட்டையைத் தானே காட்டியவள் வேறு யாருமில்லை என்றார்கள். நாலாவது கடை பெலெனைசேக்கு.

கைதட்டல் நடுவில் எசேதா மட்டும் உட்கார்ந்தபடியே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலையாட்கள் கிளையைப் பார்த்தாள். பிறகு சிவப்பைப் பார்த்தாள். மறுபடி வேலையாட்கள். மாமா வாங்குகிறவர், அண்ணி வாங்குகிறவள், அவர்களுக்கு அது பட்டம். தான் யாரென்று எசேதா பதினோரு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தாளோ அதற்கு அந்தச் சுவரில் இடமே இல்லை.

மறுநாள் விடியற்காலை மாவுச் சட்டிக்குப் பக்கத்தில் யாரும் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. பிள்ளைகளும் அடுப்படிக்கு வரவில்லை. கடைசிப் பொடிசு பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் பன் வாசனைக்கு ஒரு நிமிஷம் நின்றது, அப்புறம் ஓடிவிட்டது.

பெலெனைசே தனியாகப் பிசைந்தாள். எசேதா கையில் அப்பம் போல எழும்பிய மாவு இவள் கையில் கல்லாக உட்கார்ந்தது. மெதுவாகப் பிசைந்தவள் ஏன் மெதுவாகப் பிசைந்தாள் என்று அப்போதுதான் புரிந்தது. முன்னூறு பேருக்கு எண்பது பன் போயிற்று. அதிலும் முப்பது, கடை திறந்ததைப் பார்க்க வந்த மாமாவுக்கு.

இரண்டாவது வாரம் எசேதா வந்தாள். அடுப்படி வழியாக இல்லை. முன்வாசல் வழியாக, நல்ல உடுப்பு போட்டு, விருந்தாளிகள் உட்காரும் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

பெலெனைசே ஓடிவந்தாள். "என்னக்கா, உள்ள வா."

"இருக்கட்டும். இங்கயே நல்லா இருக்கு. உங்களுக்கு வேலை இருக்கும், தொந்தரவு பண்ண மாட்டேன்."

உங்களுக்கு என்றாள். போதகரிடம் பேசுவது போலப் பேசினாள்.

விருந்தாளி வந்தால் பரிமாற வேண்டும். பெலெனைசே விசிறியும் தட்டுமாகக் கொக்கோவும் பன்னும் கொண்டுவந்து வைத்தாள். டேப்பையும் கொண்டுவந்தாள். முந்தின நாள் முழுக்க உட்கார்ந்து மாற்றியிருந்தாள்: சிவப்பில் இருந்ததை அழித்துவிட்டு, நடு வட்டத்திலேயே 'எசேதாவும் பெலெனைசேயும்' என்று எழுதியிருந்தாள்.

"பாரு அக்கா. உன் பேரு முன்னாடி."

எசேதா பார்த்தாள். விருந்தாளி பார்ப்பது போலத் தலையாட்டினாள். "நல்லா வரைஞ்சிருக்கீங்க. கஷ்டப்பட்டிருப்பீங்க."

"அக்கா, நல்லது கெட்டது பாக்காம எழுதச் சொன்னாங்க. எழுதிட்டேன்."

"பாக்காம எழுதினதுதான, பெலெ, மனசுல இருந்தது." ஒரு தடவைதான் பெலெ என்றாள். "இது பாத்து எழுதினது."

கொக்கோவைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். குடிக்காமல் போவது மரியாதை இல்லை. பன்னைப் புகழ்ந்தாள், கல்லாக இருந்த பன்னை, மிருதுவாக இருக்கிறது என்று. விருந்தாளி கையோடு கொண்டுபோக ஏழு பன் வாழையிலையில் கட்டி நீட்டினாள் பெலெனைசே. அதை வாங்காமல் போனால் ஊரில் பகை என்று அர்த்தம்.

எசேதா வாங்கிக்கொண்டாள். இரண்டு கையாலும் வாங்கி, தலைக்கு மேலே தூக்கி நன்றி சொன்னாள், முன்பின் தெரியாத வீட்டில் செய்வது போல. பிறகு முன்வாசல் வழியாகவே இறங்கிப் போனாள். பெலெனைசே வாசல்வரை கூடப் போனாள். விருந்தாளியை வாசல்வரை கொண்டுவிட வேண்டுமல்லவா.